ஏழாம் நம்பர் பனியன்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் மேஜை மேல் ஒரு பனியன் வந்து உட்கார்ந்தது.

வெள்ளைப் பனியன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்தது. பையின் மேல் 7 என்று ஒரு ஸ்டிக்கர். கொண்டு வந்த பெண்மணி அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, சத்தமில்லாமல் வைத்துவிட்டு, ஒரு முறை குனிந்து எழுந்தார்.

"இது யாரோடதுன்னு, அந்த ஆள் வாயாலயே சொல்ல வைக்கணும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

என் பெயர் தாபுச்சி. கனஸவா நகரத்தில், சோபா நூடுல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அமாமியா துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். முதலாளியம்மா அமாமியா மசுமிக்கு ஐம்பத்து மூன்று வயது. காணாமல் போன பூனைகளையும் காணாமல் போன கணவர்களையும் தேடிக் கொடுப்பது எங்கள் தொழில். பூனைகள் கிடைத்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

"பனியன் கேஸ் இதுதான் முதல் தடவை பாஸ்," என்றேன்.

"அதனாலதான் உன்னைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்றேன்," என்ற பாஸ், வந்தவரின் அறிமுக அட்டையைப் படித்தார். "மினேகிஷி சயோகோ. துர்நாற்ற ஆய்வாளர். அப்படின்னு ஒரு வேலை இருக்கா?"

"இருக்கு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். மீன் தொழிற்சாலை, பன்றிப் பண்ணை, பெயின்ட் கம்பெனி... பக்கத்து வீட்டுக்காரங்க நாறுதுன்னு புகார் கொடுத்தா, எந்தக் குழாய்ல இருந்து வருதுன்னு நான் போய்க் கண்டுபிடிப்பேன்."

"அப்போ உங்க மூக்குக்கு அரசாங்க முத்திரை இருக்குன்னு சொல்லுங்க," என்றேன்.

"அதுதான் என் தலையெழுத்தே," என்றார் மினேகிஷி. சிரிக்கவில்லை.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக 'மூன்று நாரை' என்ற கல்யாணத் தகவல் நிலையத்தில் உறுப்பினர். போன மாதம் அந்த நிலையம் ஒரு புது விதமான விருந்து வைத்தது. ஒருவருக்கு ஒருவர் ஈர்ப்பு வருவது முகத்தால் இல்லை, வாசனையால் என்று விஞ்ஞானம் சொல்கிறதாம். பன்னிரண்டு ஆண்களுக்குப் பன்னிரண்டு பனியன்கள் கொடுத்தார்கள். மூன்று ராத்திரி போட்டுத் தூங்க வேண்டும். பூண்டு கூடாது, சென்ட் கூடாது, தோய்க்கவே கூடாது. அப்படியே பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்து, பிடித்த நம்பரை எழுதிக் கொடுத்து, பையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

"நான் ஏழாம் நம்பர் எழுதினேன். திறந்ததும்..." மினேகிஷியின் காது சிவந்தது. "ரெண்டு தடவை மோந்து பார்த்தேன். வேலையில நான் எதையும் ரெண்டு தடவை மோந்து பார்க்க மாட்டேன்."

"ஏழாம் நம்பர் யாருன்னு சொன்னாங்க?"

"தோகாஷி சான். பல் டாக்டர். நல்ல மனுஷன், கார் கதவைத் திறந்து விடுவார். மூணு தடவை சேர்ந்து சாப்பிட்டோம். பக்கத்துல உட்கார்ந்தா காலி டம்ளர் பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு. ஒரு வாசனையும் இல்லை. இந்தப் பனியன் அவரோடது இல்லை."

"நிலையத்துல சொன்னீங்களா?"

"சிரிச்சாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதமா இல்லையான்னு எழுதிக் கொடுக்கணும். ஏற்கெனவே ரெண்டு பேரை வேண்டாம்னுட்டேன். மூணாவது தடவையும் வேண்டாம்னா மெம்பர் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க, அது அங்கே விதி." அவர் பையைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "சம்மதம்னு எழுதினா பொய். இல்லைன்னு எழுதினா தனியாவே இருந்துட வேண்டியதுதான். எனக்கு பயமா இருக்கு அமாமியா சான்."

பாஸ் அறிமுக அட்டையை மேஜை மேல் வைத்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"அந்த விருந்துக்கு அப்புறம் நிலையத்துக்கு எத்தனை தடவை போனீங்க?"

"ஆறு தடவை."

"எதுக்கு?"

"ஒரு தடவை ஃபாரம் வாங்க. மிச்சம்... பேனா மறந்துட்டேன்."

"அஞ்சு தடவையுமா?"

"மழைக்காலம்," என்றார் மினேகிஷி.

மழைக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்பதற்குள் பாஸ் என் காலை மிதித்தார். கொஞ்சம் பலமாகவே.

* * *

தோகாஷி பல் மருத்துவமனை சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். நாங்கள் பன்னிரண்டு ஐந்துக்குப் போனோம்.

"உனக்குப் பல் வலி," என்றார் பாஸ்.

"எனக்கு இல்லையே பாஸ்."

"உள்ளே போனதும் வரும்."

கதவைத் திறந்தவர் டாக்டரின் அம்மா. ஏப்ரனில் ஒரு சுருக்கம் கூட இல்லை. "மூடிட்டோமே," என்று சொல்லும்போதே எங்கள் ஈரச் செருப்புகளைப் பார்த்த பார்வையில் நான் என் கால் விரல்களை மடக்கிக்கொண்டேன். பாஸ் என் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "பாவம், துடிக்குறான்," என்றார். அந்த அம்மாளுக்கு இரக்கம் வந்துவிட்டது. பின்னால் இருக்கும் அறைக்கு எங்களை அழைத்துப் போனார்.

அங்கே பாய் விரித்த தரையில் நாற்பத்தொரு வயது பல் டாக்டர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைக்கடியில் ஒரு திண்டு. பக்கத்தில் விரித்த ஒரு காகிதம், அதன் மேல் நுனியில் வெள்ளைப் பஞ்சுப் பூ வைத்த மூங்கில் காது குடையும் குச்சி. வேலை பாதியில் நின்றிருந்தது தெரிந்தது. எங்களைக் கண்டதும் டாக்டர் துள்ளி எழுந்து, டை எங்கே என்று தேடினார்.

"சனிக்கிழமைன்னா அம்மாதான் இவனுக்குக் காது குடைஞ்சு விடணும்," என்றார் அந்த அம்மாள். கொஞ்சமும் கூச்சமில்லை. "கல்யாணம் ஆனா மருமக மடியில படுத்துக்கட்டும். அதுவரைக்கும் என் பொறுப்பு."

"அம்மா!" என்றார் டாக்டர்.

பாஸ் அந்தக் காகிதத்தைக் குனிந்து பார்த்தார். பல் வலிக்காரனை எல்லோருமே மறந்துவிட்டார்கள்.

"உலர்ந்த காதா?"

"தவிடு மாதிரி உதிரும்!" அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "இவங்க அப்பாவுக்கும் அப்படித்தான். எங்க வீட்டுல யாருக்கும் பிசுபிசுப்பே கிடையாது."

பாஸ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என்ன புரிந்ததோ தெரியாது, நானும் சிமிட்டி வைத்தேன்.

"டாக்டர், நாங்க மினேகிஷி சான் சார்புல வந்திருக்கோம்," என்றார் பாஸ். "மூன்று நாரையில கொடுத்த பனியனை மூணு ராத்திரி போட்டீங்களா?"

"போட்டேன். சொன்னபடி செஞ்சேன். பையில போட்டு அம்மாகிட்ட..." அவர் நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அம்மா. தோய்க்கக் கூடாதுன்னு அதுல போட்டிருந்துதே."

"போட்டிருந்துது. படிச்சேன்," என்றார் அம்மாள். "படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஒருத்தர்கிட்ட வாங்கின துணியை வேர்வையோட திருப்பிக் கொடுக்குறதா? நாளைக்கு அந்தப் பொண்ணு என்ன நினைப்பா? தோகாஷி வீட்டுல தண்ணி வரலையான்னு நினைக்க மாட்டா? ரெண்டு தடவை தோய்ச்சேன். வாசனை இல்லாத சோப்பு. அப்புறம் வெந்நீர்ல போட்டு எடுத்தேன். இஸ்திரி போட்டேன். கூடவே ஒரு பொட்டலம் செம்பே அரிசி பிஸ்கட்டும் நன்றிச் சீட்டும் வச்சுக் கட்டிக் கொடுத்தேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

டாக்டர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பாவம்தான். விரல் இடுக்கு வழியாகக் கேட்டார்:

"மினேகிஷி சான் என்னை வேண்டாம்னு சொல்லப் போறாங்களா?"

"உங்களுக்கு அவங்களைப் பிடிச்சிருக்கா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "பல் வரிசை ரொம்ப அழகு," என்றார் கடைசியில். "வேற... யோசிக்கணும்."

"மெதுவா யோசிங்க," என்றார் பாஸ். "ஏ தாபுச்சி, பல் வலி போச்சா?"

"வாசல்லயே போயிடுச்சு பாஸ்."

* * *

பஸ்ஸில் பாஸ் எனக்குப் பாடம் எடுத்தார்.

"மனுஷங்க காது அழுக்குல ரெண்டு ஜாதி. ஒண்ணு உலர்ந்தது, ஒண்ணு ஈரமானது. பொறக்கும்போதே தீர்மானம் ஆகுற விஷயம். நம்ம ஊர்ல பத்துக்கு எட்டுப் பேர் உலர்ந்த ஜாதி. எந்த மரபணு காதை உலர்த்துதோ அதே மரபணுதான் அக்குளையும் கவனிக்குது. காது உலர்ந்திருந்தா வேர்வையில வாடை இருக்காது, ரொம்பக் கொஞ்சம். அதனாலதான் அந்த டாக்டர் காலி டம்ளர்."

நான் சுண்டு விரலைக் காதுக்குக் கொண்டு போனேன்.

"பஸ்ல வேண்டாம்," என்றார் பாஸ்.

"அப்போ ஏழாம் பையில இருந்தது டாக்டர் பனியனே இல்லை. அவரோடது வெந்நீர்ல குளிச்சுட்டு, இஸ்திரி போட்டுக்கிட்டு, செம்பே பொட்டலத்தோட மூன்று நாரைக்குப் போச்சு. அங்கே யாரோ மாத்தியிருக்காங்க."

"பரவாயில்லையே. மூளைக்குள்ள மழைத் தண்ணி போகலை," என்றார் பாஸ். "யாரோ ஒரு ஈரக் காதுக்காரர். அவரை நாலரைக்குள்ள பிடிக்கணும்."

"சட்டையைக் கழட்டச் சொல்லியா?"

"நாகரிகமா," என்றார் பாஸ்.

* * *

மூன்று நாரை நிலையம் ஆறாவது மாடியில் இருந்தது; சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் திறந்தார்கள். தலைவி ஓரிபே அம்மாளுக்கு நாங்கள் தாயும் மகனுமாக அறிமுகமானோம். மகனுக்குப் பெண் தேட வேண்டும்.

"கவலையே படாதீங்க. இங்கே எல்லாம் விஞ்ஞானம்," என்றார் ஓரிபே அம்மாள், என்னை மேலும் கீழும் அளந்தபடி. "முகத்துல இடது பாதியும் வலது பாதியும் ஒத்துப்போனா ஈர்ப்பு வரும். உங்க பையனுக்கு மூக்கு லேசா இடது பக்கம் போகுது, பரவாயில்லை. போன வருஷம் எல்லாரையும் ஆடுற தொங்கு பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பயத்துல நெஞ்சு படபடக்கும், அதைக் காதல்னு மனசு நினைச்சுக்கும், ஆராய்ச்சி இருக்கு."

"எத்தனை கல்யாணம் ஆச்சு?" என்றேன்.

"ரெண்டு பேருக்குக் கால் சுளுக்கு," என்றார் அவர். "இந்த வருஷம் வாசனை. முதல் வாசனை ஜோடி இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடிவாகுது. பாருங்க, பூச்செண்டு கூட வந்தாச்சு. செம்பே எடுத்துக்கோங்க. எங்க மெம்பர்கள் எவ்வளவு பண்பானவங்க தெரியுமா? பனியனோட பன்னிரண்டு பேரும் தின்பண்டம் வச்சு அனுப்பியிருந்தாங்க."

பன்னிரண்டு பேரும். நான் கையில் எடுத்த செம்பேயைக் கடிக்காமல் நிறுத்தினேன். அத்தனை வீட்டிலும் பனியனைத் தோய்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். விஞ்ஞானம் பாவம், சலவை சோப்பை மோந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

பாஸின் கண்கள் வேறு எங்கோ இருந்தன. வரவேற்பு மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கீழே. வெள்ளைச் சட்டை. வெளியே மழை கொட்டுகிறது, அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருக்கிறது. நனையாமல் இருக்கக் கீழே ஒரு துண்டு விரித்திருந்தார். பக்கத்தில் ஒரு சிறிய மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் காற்று வீசவில்லை. ஜன்னலைப் பார்த்து வெளியே வீசிக்கொண்டிருந்தது.

"எங்க ஹயாசே," என்றார் ஓரிபே அம்மாள். "பதினேழு வருஷமா இருக்கார். தங்கமானவர்."

தங்கமானவர் எழுந்து வந்து எங்களுக்குத் தேநீர் வைத்தார். தட்டை முழங்கை மடங்காமல் நீட்டி வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு அடி பின்னால் போனார். விண்ணப்பம் கொண்டு வந்து வைத்தார். மறுபடி இரண்டு அடி பின்னால்.

பாஸ் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டினார். "மழைத் தண்ணி உள்ளே போயிடுச்சு போல. காது குடைய ஏதாவது இருக்குமா?"

ஓரிபே அம்மாள் பேனா ஸ்டாண்டில் இருந்து மூங்கில் குச்சியை உருவினார். வெள்ளைப் பஞ்சுப் பூ. அதே நேரத்தில் ஹயாசேயின் கை தானாக மேஜை இழுப்பறைக்குப் போய், பஞ்சுக்குச்சி டப்பாவை எடுத்தது.

"ஈரமா இருந்தா இதுதான் நல்லது," என்றார் மெல்ல.

"ரொம்ப நன்றி," என்றார் பாஸ். இழுப்பறை மூடுவதற்குள் நானும் பார்த்துவிட்டேன். உள்ளே மடித்து வைத்த மூன்று வெள்ளைச் சட்டைகள். இரண்டு பாட்டில் அக்குள் மருந்து.

தொலைபேசி மணி அடித்தது. ஓரிபே அம்மாள் பூச்செண்டோடு பக்கத்து அறைக்குப் போனார். நான் பாஸ் காதில் முணுமுணுத்தேன்.

"தண்ணி போனா எல்லாருமே பஞ்சுக்குச்சிதானே பாஸ்?"

"வாஸ்தவம். ஆனா அந்த டப்பாவுல இருநூறு குச்சி. பாதிக்கு மேல காலி. அவர் காதுக்குள்ள தினமும் மழையா பெய்யுது?" பாஸ் எழுந்து மேஜைக்குப் போனார். கைப்பையில் இருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

ஹயாசே ஸ்டிக்கரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கியது.

"நாங்க பெண் தேடி வரலை ஹயாசே சான். இவன் என் பையனும் இல்லை."

"நல்லவேளை," என்றேன்.

"இது உங்க பனியன்."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. எழுந்து நின்று, நெற்றி மேஜையைத் தொடுமளவு குனிந்தார்.

"ராஜினாமா கடிதம் எழுதி வச்சிருக்கேன். மூணு வாரமா சட்டைப் பையிலதான் இருக்கு."

"கடிதம் அப்புறம். என்ன நடந்துது?"

"விருந்துக்கு முந்தின நாள் பைகளைச் சரிபார்த்தேன். எல்லாமே தோய்ச்சிருந்தாங்க. பதினொண்ணுல சோப்பு வாசனையாவது இருந்துது. ஏழுல ஒண்ணுமே இல்லை. வெறும் துணி. ஒரு மெம்பர் அதைத் திறந்து பார்த்துப் புகார் கொடுத்தா, ஓரிபே சான் எல்லார் முன்னாலயும் தலைகுனியணும். பை காத்துப் புகாம இருக்கான்னு சோதிக்க, ஒரு உபரிப் பனியனை நானே மூணு ராத்திரி போட்டுப் பையில வச்சிருந்தேன். அவங்கதான் சோதிக்கச் சொன்னாங்க. அதை எடுத்து வச்சுட்டேன்."

"அதுல என்ன யோசனை?"

"யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்," என்றார் ஹயாசே. "ஸ்கூல்ல என் பக்கத்து பெஞ்சு எப்பவும் காலியா இருக்கும். அப்ப இருந்தே எனக்குத் தெரியும். என் வாடை யாருக்கும் பிடிக்காது. கடைசி இடம் வந்தா ஒருத்தருக்கும் கஷ்டம் இல்லை. தோகாஷி சானுக்கு அடுத்த தடவை வேற யாராவது அமைஞ்சிருப்பாங்க."

என் வாயில் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"ஆனா மினேகிஷி சான் எடுத்தாங்க."

"எடுத்தாங்க." அவர் குரல் இறங்கியது. "நான் அங்கேதான் நின்னுட்டிருந்தேன். பையைத் திறந்தாங்க. மூடினாங்க. மறுபடி திறந்தாங்க. அப்போ அவங்க முகத்தை... எனக்கு அப்படி ஒரு முகத்தை யாரும் காட்டினதில்லை. சொல்லியிருக்கணும். சொன்னா அந்த முகம் மாறிடுமேன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான். கோழை நான். அது மட்டுமில்லை, ஊழியர்கள் மெம்பர்களோட பழகக் கூடாது. விதி."

சுவரில் விதிகள் தொங்கின. ஒன்பதாவது விதி அதுதான். பத்தாவது, மூன்று முறை மறுத்தால் உறுப்பினர் ரத்து.

அப்போது லிஃப்ட் திறந்தது. மணி நாலே முக்கால். மினேகிஷி சயோகோ நனைந்த குடையோடு வந்து நின்றார்.

* * *

ஹயாசே அனிச்சையாக இரண்டு அடி பின்னால் போனார். பின்னால் ஜன்னல். அதற்கு மேல் இடமில்லை.

"கண்டுபிடிச்சாச்சு," என்றேன் பெருமையாக. "ஆள்..."

"சொன்னாரா?" என்றார் மினேகிஷி பாஸிடம்.

"அவர் வாயாலயே."

மினேகிஷி மூச்சை வெளியே விட்டார். நான்தான் அசடு மாதிரி நின்றேன். யார் என்று அவர் கேட்கவே இல்லை.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்," என்றார் பாஸ். "நாற்பது குழாய்ல நாறுற குழாயைக் கண்டுபிடிக்கிற மூக்கு. அஞ்சு தடவை பேனா மறந்து வந்திருக்கீங்க. எங்களுக்குத் தெரிஞ்சது காலையிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ரெண்டாவது தடவை வந்தப்பவே," என்றார் மினேகிஷி. "நான் லிஃப்ட்ல ஏறும்போது இவர் இறங்கிப் போயிட்டார். உள்ளே யாரும் இல்லை. வாசனை மட்டும் இருந்துது. ஆறு மாடி வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு வந்தேன்."

ஹயாசே அவசரமாகச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார்.

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றேன். எனக்குக் கோபமே வந்தது. பல் வலி கூட நடித்திருக்கிறேன்.

"எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு தாபுச்சி சான். அளக்குறவங்க மூக்கு சாட்சி சொல்லக் கூடாது. வெளியாள் ஆறு பேர் மோந்து பார்த்துச் சொல்லணும், அப்போதான் அறிக்கை செல்லும். எனக்கு இது இவரா இருக்கணும்னு ஆசை வந்துடுச்சு. ஆசைப்படுற மூக்கை நம்பக் கூடாது. நானே நேரா கேட்டிருந்தா இவர் இல்லைன்னு சொல்லிட்டு, மறுநாள் வேலையை விட்டுட்டுப் போயிருப்பார்."

சட்டைப் பையில் இருந்த கடிதத்தை ஹயாசே கையால் மறைத்தார்.

"அதான் முதல்ல எங்க ஆபீஸ்ல ஆறு பேருக்குப் பனியனைக் கொடுத்தேன்," என்றார் மினேகிஷி.

"ஆறு பேரா?" என்றார் ஹயாசே.

"அஞ்சு பேர் மூக்கைச் சுளிச்சாங்க. ஒருத்தர் ஜன்னலைத் திறந்தார்."

"மன்னிக்கணும். ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்..."

"குனியாதீங்க, கேளுங்க. ஒருத்தருக்கும் பிடிக்கலை ஹயாசே சான். எல்லாருக்கும் பிடிச்சிருந்தா நல்ல வாசனைன்னு எழுதி வச்சுட்டுப் போயிருப்பேன். எனக்கு மட்டும்தான் பிடிச்சிருக்கு. அப்போ அது வேற விஷயம்னு புரிஞ்சுது." அவர் குடையைக் கீழே வைத்தார். "வாசனை மட்டும் போதும்னு நான் சொல்லலை. காலையில நீங்க சோறு சாப்பிடுவீங்களா ரொட்டி சாப்பிடுவீங்களான்னு கூடத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு."

ஹயாசே சட்டைப் பையில் இருந்து கையை எடுத்தார்.

"சோறு," என்றார் மெல்ல. "மிசோ சூப்போட." உடனே முகம் வாடியது. "ஆனா விதி..."

பாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு அம்பத்தாறு. மினேகிஷி சான், உங்க பதிலை எழுதலாமே?"

மினேகிஷி கைப்பையைத் திறந்தார். நிஜமாகவே பேனா மறந்துவிட்டிருந்தார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். தோகாஷி என்ற பெயருக்கு நேராக 'இல்லை' என்று எழுதி, மேஜை மேல் வைத்தார்.

"மூணாவது மறுப்பு," என்றார் பாஸ். "பத்தாவது விதிப்படி என்ன செய்யணும் ஹயாசே சான்?"

பதினேழு வருஷ ஊழியர். கை தன்னால் ரப்பர் முத்திரைக்குப் போனது. உறுப்பினர் அட்டையை எடுத்து, மைப்பெட்டியில் அழுத்தி, 'ரத்து' என்று குத்தினார். குத்திவிட்டு அதையே பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஒன்பதாவது விதியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இவங்க இப்போ மெம்பர் இல்லை," என்றார், தனக்குத்தானே.

"விதியை எழுதினவங்க வாழ்க," என்றேன்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஓரிபே அம்மாள் பூச்செண்டோடு நின்றார். "அஞ்சு மணி ஆச்சு! எங்கே தோகாஷி சான்? இதை யாருக்குக் கொடுக்குறது?" அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் ஹயாசே முகத்துக்கு வந்து, பூச்செண்டை மெதுவாகக் கீழே இறக்கினார். மடையர் இல்லை அவர்.

மினேகிஷி மேஜையைச் சுற்றி வந்தார். ஓரடி. இன்னொரு அடி. ஹயாசே வழக்கம்போல் பின்னால் காலெடுத்தார், முதுகு ஜன்னலில் பட்டது.

"மழை உள்ளே அடிக்குது," என்றார் மினேகிஷி. "ஜன்னலை மூடிடலாமா?"

ஹயாசே ஜன்னலை மூடினார். பிறகு குனிந்து, பதினேழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த அந்த மின்விசிறியை நிறுத்தினார்.